நூற்றுக்கு 70 பேர் ஆதரவு, நூற்றுக்கு 10 பேர் உறுப்பினர்: அமெரிக்கத் தொழிற்சங்கங்களின் அரசியல் பலம் எங்கே போனது?

ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். மிச்சிகன் மாநிலத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் இடத்தில் இன்ஜினியர் வேலை. எங்கள் இடத்தில் சங்கம் கிடையாது. ஆனால் இந்த ஊரில் குடியிருந்துகொண்டு சங்கத்தைப் பற்றி யோசிக்காமல் இருக்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரர், பிள்ளைகளின் பேஸ்பால் கோச், கேஸ் கனெக்‌ஷன் பார்க்க வருகிறவர் என்று ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு 'லோக்கல்' எண், அதாவது சங்கக் கிளையின் எண், இருக்கும்.

2023 செப்டம்பர் 15 அன்று கார் தொழிலாளர் சங்கமான யு.ஏ.டபிள்யூ., ஃபோர்டு, ஜி.எம்., ஸ்டெல்லாண்டிஸ் மூன்று கம்பெனிகள் மீதும் ஒரே நேரத்தில் வேலைநிறுத்தம் தொடங்கியது. அப்படி மூன்றையும் சேர்த்து நிறுத்தியது அதன் வரலாற்றிலேயே முதல் தடவை. இரண்டாவது வாரம் ஒரு சாயங்காலம், காபி டப்பா இரண்டு வாங்கிக்கொண்டு வெய்ன் நகரில் ஃபோர்டு ஆலை வாசலுக்குப் போனேன். இரும்புப் பீப்பாயில் விறகு எரிந்துகொண்டிருந்தது. ரோட்டில் போகிற லாரிகள் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போயின. இருபத்துநாலு வருஷ சர்வீஸ் உள்ள ஒருவர் தன் அப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டிருந்தார். முதுகில் லோக்கல் எண் பாதி உரிந்திருந்தது. அப்பாவும் அதே கம்பெனியில் ஓய்வு பெற்றவராம்.

தேர்தல் பேச்சு வந்தது. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அப்பா காலத்துல ஓட்டு யாருக்குன்னு லைன்ல பக்கத்துல நிக்கிறவர் சொல்வார். சங்க ஹால்லதான் கிறிஸ்துமஸ் விருந்து, சங்க ஹால்லதான் பந்து உருட்டுற லீக். இப்ப எனக்கு போன்ல ஒரு மெசேஜ் வருது. படிக்காமலே அழிச்சிடுவேன்." இரண்டு தடவையும் டிரம்ப்புக்குப் போட்டிருக்கிறார். சங்கத் தலைவர் ஷான் ஃபெயின் மீது அளவில்லாத மரியாதையும் வைத்திருக்கிறார். இரண்டும் ஒரே ஆளிடம் ஒன்றாக இருப்பதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

சில நாளில் ஜனாதிபதி பைடனே மிச்சிகனுக்கு வந்து மறியலில் நின்றார். பதவியில் இருக்கும் ஜனாதிபதி யாரும் அதுவரை அப்படி நின்றதில்லை. ஆறு வாரத்தில் ஒப்பந்தம் வந்தது, 25 சதவீத ஊதிய உயர்வு. அடுத்த வருஷம் யு.ஏ.டபிள்யூ. கமலா ஹாரிஸை ஆதரித்தது. மிச்சிகன் டிரம்ப் பக்கம் போனது.

ஆலை வாசலில் ஜெயிக்கிற சங்கத்தின் சொல் தேர்தலில் ஏன் எடுபடவில்லை? கேலப் கருத்துக்கணிப்பில் 2024-இல் நூற்றுக்கு 70 பேர் தொழிற்சங்கம் நல்லது என்கிறார்கள். உறுப்பினராக இருப்பவர்களோ நூற்றுக்கு பத்துக்கும் கொஞ்சம் கீழே. இந்த இடைவெளி எப்படி வந்தது என்று பேச விரும்புகிறேன்.

கணக்கன் எழுதியது:

முதலில் எண்கள். தொழிலாளர் புள்ளியியல் துறை இன்றைய முறையில் கணக்கெடுக்கத் தொடங்கிய 1983-இல் 20.1 சதவீதம், 1 கோடியே 77 லட்சம் பேர். 2024-இல் 9.9 சதவீதம், 1 கோடியே 43 லட்சம் பேர். 1950-களின் நடுவில் மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார்.

இந்த 9.9-ஐப் பிரித்துப் பார்க்கவேண்டும். அரசு ஊழியர்களில் 32.2 சதவீதம், தனியார் துறையில் 5.9 சதவீதம். அதாவது தனியாரில் பதினேழு பேருக்கு ஒருவர்.

இதில் பெரிய சதி எதுவும் எனக்குத் தெரியவில்லை. 1979-இல் உற்பத்தித் துறையில் கிட்டத்தட்ட 1 கோடியே 95 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2024-இல் சுமார் 1 கோடியே 28 லட்சம். அதே 1979-இல் யு.ஏ.டபிள்யூ.வில் 15 லட்சம் பேர், இன்று ஏறக்குறைய 4 லட்சம். இயந்திரம் வந்தது, ஜப்பான் கார் வந்தது, 1994-இல் கனடா, மெக்சிகோவோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தமான நாஃப்டா வந்தது, 2000-த்துக்குப் பிறகு சீனா வந்தது. ஆலை இல்லாத இடத்தில் ஆலைச் சங்கம் எப்படி இருக்கும்? உறுப்பினர் குறைந்தால் ஓட்டு குறையும், சந்தா குறையும், கட்சிக்காரர்கள் கொடுக்கும் மரியாதையும் குறையும்.

தராசு எழுதியது:

கணக்கன் சொன்ன எண்கள் சரி. முடிவை ஏற்க முடியவில்லை. எல்லையைத் தாண்டி டெட்ராய்ட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கிற கனடாவைப் பாருங்கள். அதே ஜப்பான் கார், அதே நாஃப்டா, அதே சீனா, அதே ரோபோ. 1960-கள் வரை இரண்டு நாடும் கிட்டத்தட்ட ஒரே அளவில்தான் இருந்தன. இன்று கனடாவில் சுமார் 30 சதவீதம். அங்கே அரசுத் துறையின் பங்கு அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஆனால் தனியாரை மட்டும் எடுத்தாலும் அமெரிக்காவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. கனடாவின் சில மாநிலங்களில் பெரும்பான்மையோர் அட்டையில் கையெழுத்துப் போட்டாலே சங்கத்தை அங்கீகரிக்கிறார்கள். ஓட்டெடுப்பு தேவைப்படும் மாநிலங்களிலும் அது சில நாளில் முடிந்துவிடும். அமெரிக்காவில் வாரக்கணக்கில் இழுக்கும். அந்த வாரங்களில் நடப்பதுதான் முழுக்கதையும்.

வேர் 1947-இல் இருக்கிறது. 1935-இல் ரூஸ்வெல்ட் காலத்து வாக்னர் சட்டம் சங்கம் வைக்கும் உரிமையைக் கொடுத்தது. பண்ணைத் தொழிலாளரையும் வீட்டு வேலைக்காரரையும் அது வெளியே நிறுத்தியது. தெற்கு மாநிலங்களில் அந்த இரண்டு வேலையிலும் பெரும்பாலும் இருந்தவர்கள் கறுப்பின மக்கள். அந்தக் கதவை ஏன் அப்படி அடைத்தார்கள் என்பது புரியும் என்று நினைக்கிறேன். 1946-இல் நாடு முழுக்க வேலைநிறுத்த அலை எழுந்தது. அந்த நவம்பரில் குடியரசுக் கட்சி நாடாளுமன்றமான காங்கிரஸைப் பிடித்தது. அடுத்த வருஷம் டாஃப்ட்-ஹார்ட்லி சட்டம். ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பினார். தெற்கத்திய ஜனநாயகக் கட்சியினரும் சேர்ந்துகொண்டு அவரை மீறி நிறைவேற்றினார்கள்.

அந்தச் சட்டத்தின் 14(ஆ) பிரிவைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். சங்கம் பேசி வாங்கிய ஊதியமும் பாதுகாப்பும் எல்லோருக்கும் சேரும், ஆனால் அதன் செலவுக்குப் பணம் கொடு என்று யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என மாநிலங்கள் சட்டம் போட்டுக்கொள்ளலாம். 'வேலை செய்யும் உரிமை' என்று அழகான பெயர் வைத்தார்கள். இன்று 26 மாநிலங்களில் அது அமலில் இருக்கிறது. இன்னொரு பிரிவு, ஒரு ஆலைத் தொழிலாளருக்கு ஆதரவாக அந்தத் தகராறில் சம்பந்தப்படாத வேறு கம்பெனி மீது மறியல் செய்வதைத் தடுத்தது. ஒருவருக்கொருவர் கைகொடுப்பதுதான் தொழிலாளரின் பலமே. அதைச் சட்டவிரோதமாக்கிவிட்டார்கள்.

கணக்கன் சார், டெட்ராய்ட்டின் வேலை எல்லாம் மெக்சிகோவுக்கும் சீனாவுக்கும் போகவில்லை. டென்னசிக்கும் அலபாமாவுக்கும் தென் கரோலினாவுக்கும் போனது. அங்கே ஆலைகள் இருக்கின்றன, நாள் தவறாமல் கார் இறங்குகிறது. பெரும்பாலானவற்றில் சங்கம்தான் இல்லை.

தென்பொதிகை எழுதியது:

தராசு அண்ணா, ஒரு அடிப்படைக் கேள்வி. தப்பா நினைக்காதீங்க. நம்ம ஊர்ல ஒரு ஆலை வாசல்ல நாலு சங்கக் கொடி பறக்கும். பிடிச்ச சங்கத்துல சேர்ந்துக்கலாம். அங்க எதுக்கு ஓட்டெடுப்பு? நான் சேர்றேன்னு சொன்னா சேர்த்துக்க மாட்டாங்களா?

தராசு எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. இந்த இடத்தில்தான் நம் ஊர்க்காரர்கள் பலர் குழம்புகிறோம். அங்கே ஒரு பணியிடத்துக்கு ஒரே சங்கம். பெரும்பான்மை ஓட்டு வாங்கினால் அது அங்குள்ள அத்தனை பேருக்கும் பேசும், ஓட்டுப் போடாதவருக்கும் சேர்த்து. வாங்காவிட்டால் கம்பெனி யாரோடும் பேசவேண்டிய கட்டாயம் இல்லை. ஓட்டெடுப்பு கேட்கவே 30 சதவீதம் பேரின் கையெழுத்து அட்டை வேண்டும்.

கம்பெனி அந்த வாரங்களில் ஆலோசகர்களைக் கூலிக்கு அமர்த்தும். வேலை நேரத்திலேயே கூட்டம் போட்டு சங்கம் வேண்டாம் என்று வகுப்பெடுக்கும். சங்க வேலை பார்த்தவரை வேறு காரணம் காட்டி வெளியே அனுப்பும். அது சட்டவிரோதம்தான். நிரூபிக்க வருஷக்கணக்கில் ஆகும். நிரூபித்தாலும் அபராதம் கிடையாது. வேலையைத் திருப்பிக் கொடுத்து இழந்த சம்பளத்தையும் கொடுத்தால் போதும், அதிலும் அந்த இடைவெளியில் வேறு எங்காவது அவர் சம்பாதித்ததைக் கழித்துக்கொள்ளலாம். நிர்வாகத்துக்கு இது ரொம்ப மலிவான விலை.

டென்னசியில் சட்டனூகா ஃபோக்ஸ்வாகன் ஆலையைப் பாருங்கள். 2014-இல் 712-க்கு 626 என்று தோற்றார்கள். 2019-இல் 833-க்கு 776, மறுபடி தோல்வி. 2024 ஏப்ரலில் 2,628-க்கு 985 என்று ஜெயித்தார்கள். பத்து வருஷம். அடுத்த மாதமே அலபாமாவில் மெர்சிடிஸ் ஆலையில் தோற்றார்கள்.

நடுவழி எழுதியது:

டெக்சாஸிலிருந்து எழுதுகிறேன். சங்கங்களுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் எல்லாப் பழியையும் சட்டத்தின் மீதும் முதலாளி மீதும் போட்டுவிட்டால் பாதி உண்மை போய்விடும்.

லாரி ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் ஜிம்மி ஹோஃபா தலைவராக இருந்த காலத்தில் நடந்த ஊழலும் மாஃபியா தொடர்பும் ஒரு தலைமுறையின் மனதில் சங்கம் என்ற சொல்லையே கெடுத்தது. அது பழங்கதை என்றால், யு.ஏ.டபிள்யூ.வின் முன்னாள் தலைவர்கள் இரண்டு பேர் உறுப்பினர் சந்தாப் பணத்தைச் சுருட்டியதற்காகச் சில வருஷம் முன்புதான் சிறைக்குப் போனார்கள். 2007-இலிருந்து புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் குறைந்த சம்பளம் என்ற இரண்டடுக்கு முறைக்குக் கையெழுத்துப் போட்டதும் சங்கம்தான். பக்கத்தில் நின்று அதே போல்ட்டை முடுக்குகிற பையன் பாதிச் சம்பளம் வாங்கினால், அவன் சங்கத்தின் பேச்சை ஏன் கேட்பான்?

அரசு ஊழியர் சங்கம் என்பதே எனக்கு நெருடல். பேரம் பேசும் மேஜையின் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருப்பவரைத் தேர்தலில் ஜெயிக்க வைப்பதே அந்தச் சங்கம்தான். கொடுக்கிற பணமோ வரிப்பணம். ரூஸ்வெல்ட்டே 1937-இல் கூட்டுப் பேரத்தை அரசுப் பணிக்குள் அப்படியே கொண்டுவர முடியாது என்று கடிதம் எழுதியிருக்கிறார்.

ஏரிக்கரை எழுதியது:

நடுவழி, ஊழலைப் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்கமாட்டேன். அந்த இரண்டடுக்குச் சம்பளத்தின் காயத்தை வெய்ன் வாசலில் நேரிலேயே கேட்டேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஊழல் வழக்குக்குப் பிறகுதான் தலைவரை உறுப்பினர்களே நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை யு.ஏ.டபிள்யூ.வில் வந்தது. ஃபெயின் அப்படி வந்தவர். அவர் பதவிக்கு வந்த அதே வருஷம் வேலைநிறுத்தம் எப்படி மாறியது என்று பார்த்தோம்.

அரசு ஊழியர் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. 1968 பிப்ரவரி 1, மெம்ஃபிஸ் நகரம். குப்பை அள்ளும் தொழிலாளர்கள் இரண்டு பேர், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர். கொட்டுகிற மழைக்கு ஒதுங்கக் குப்பை லாரியின் பின்பக்கம் ஏறி நின்றார்கள். அழுத்தும் இயந்திரம் தானாக ஓடி இரண்டு பேரையும் நசுக்கிவிட்டது. முதலாளி நகராட்சிதான். 1,300 பேர் வேலையை நிறுத்தினார்கள். 'நான் ஒரு மனிதன்' என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் அந்த ஊருக்குப் போனது அவர்களுக்காக. அங்கேயே ஏப்ரல் 4-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகுதான் நகராட்சி அவர்களின் சங்கத்தை அங்கீகரித்தது. வரிப்பணத்தில் சம்பளம் வாங்குகிறவருக்குச் சங்கம் எதற்கு என்று யார் கேட்டாலும் எனக்கு அந்த லாரிதான் கண்முன் வரும்.

கணக்கன் எழுதியது:

கனடா பற்றிய வாதத்தை யோசித்துப் பார்த்தேன். தராசு சொல்வதில் நியாயம் இருக்கிறது. என் பதிவில் 'சதி இல்லை' என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இன்னொரு எண்ணும் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட வேலைநிறுத்தங்கள் 1952-இல் 470, 1974-இல் 424. 2009-இல் வெறும் 5.

தராசு எழுதியது:

நன்றி கணக்கன். அந்த 5-க்குப் போகிற வழியில் 1981 ஆகஸ்ட் இருக்கிறது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், பாட்கோ சங்கம், சுமார் 13,000 பேர் வேலைநிறுத்தம். ரீகன் 48 மணி நேரம் கெடு கொடுத்தார். திரும்பாத 11,345 பேரை ஒரே நாளில் பணிநீக்கம் செய்தார். மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம் என்பது உண்மை. வயிறெரியும் விஷயம், 1980 தேர்தலில் ரீகனை ஆதரித்த மிகச் சில சங்கங்களில் பாட்கோ ஒன்று. ரீகனே ஒரு காலத்தில் திரை நடிகர் சங்கத்தின் தலைவராக இருந்தவர்.

தனியார் முதலாளிகள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைநிறுத்தம் செய்பவருக்குப் பதிலாக நிரந்தரமாக ஆள் எடுக்கலாம் என்று 1938-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அந்த அரிவாளை யாரும் அதிகம் எடுக்கவில்லை. 1981-க்குப் பிறகு தயக்கமில்லாமல் எடுத்தார்கள். 1983-இல் அரிசோனா தாமிரச் சுரங்கம், 1985-இல் மினசோட்டாவின் ஆஸ்டின் நகரத்து இறைச்சி ஆலை.

இனி எனக்கு மிகவும் வலிக்கிற பகுதி. சங்கங்கள் எழுபது, எண்பது வருஷமாக ஜனநாயகக் கட்சிக்குப் பணமும் ஆளும் கொடுத்துவந்திருக்கின்றன. அந்தக் கட்சி 1947 சட்டத்தைச் சரிசெய்ததா? 1965-இல் ஜான்சன் ஜனாதிபதி, மேலவையான செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு அவர் கட்சி. 14(ஆ)வை நீக்கும் மசோதா கீழவையில் நிறைவேறியது, செனட்டில் பேசிப் பேசியே முடக்கினார்கள். 1978-இல் கார்ட்டர். தொழிலாளர் சட்டத்தைத் திருத்தும் மசோதாவையும் செனட்டில் அதே போல முடக்கினார்கள். அதை உடைக்க 60 ஓட்டு வேண்டும், 58 கிடைத்தது. இரண்டே ஓட்டு! 2009-இல் ஒபாமா. அட்டையில் கையெழுத்திட்டாலே அங்கீகாரம் என்ற மசோதா செனட்டில் ஓட்டுக்கே வரவில்லை. 2021-இல் பைடன். கீழவையில் நிறைவேறிய 'ப்ரோ' சட்டம் செனட்டில் கிடந்து செத்தது. 2022 டிசம்பரில், சம்பளத்தோடு நோய் விடுப்பு கேட்ட ரயில்வே தொழிலாளர்கள் மீது, நான்கு சங்கங்கள் நிராகரித்த ஒப்பந்தத்தைக் காங்கிரஸ் திணித்தது. கையெழுத்துப் போட்டவர் மறுவருஷம் மறியலில் நின்ற அதே பைடன். நோய் விடுப்பு கொடுக்கும் தனி மசோதா செனட்டில் 52 ஓட்டு வாங்கியும் 60 இல்லாததால் விழுந்தது.

நாஃப்டாவும் அப்படித்தான். கீழவையில் ஜனநாயகக் கட்சியினர் 156 பேர் எதிர்த்தார்கள், 102 பேர் ஆதரித்தார்கள். கிளின்டன் குடியரசுக் கட்சியின் ஓட்டை வைத்து அதை நிறைவேற்றினார். ஏரிக்கரை சந்தித்த ஜாக்கெட்காரர் ஏன் அந்த மெசேஜைப் படிக்காமல் அழிக்கிறார் என்பதற்கு இதில் பதில் இருக்கிறது.

நடுவழி எழுதியது:

மெம்ஃபிஸ் விவரம் எனக்குத் தெரியாதது. படித்ததும் மனம் கனத்துவிட்டது. அரசு ஊழியர் பற்றி நான் எழுதியதை இன்னும் யோசிக்கவேண்டும்.

ஒரு கேள்வி. குடியரசுக் கட்சி சங்கங்களை உடைத்ததால் தேர்தலில் உண்மையாகவே லாபம் அடைந்ததா? மக்கள் வேறு காரணங்களுக்காக மாறியிருக்கலாமே?

தராசு எழுதியது:

விஸ்கான்சினைச் சொல்கிறேன். அரசு ஊழியருக்குக் கூட்டுப் பேர உரிமையை 1959-இல் முதன்முதலில் கொடுத்த மாநிலம். 2011-இல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் 10-ஆம் சட்டம் கொண்டுவந்தார். மேடிசன் தலைமைச் செயலகத்துக்குள் ஆசிரியர்களும் மாணவர்களும் வாரக்கணக்கில் பாய் விரித்துப் படுத்தார்கள். ஓட்டெடுப்பு நடத்தத் தேவையான எண்ணிக்கை அவையில் இல்லாமல் செய்ய ஜனநாயகக் கட்சியின் 14 செனட்டர்கள் இல்லினாய்க்கு ஓடிப்போய் உட்கார்ந்தார்கள். சட்டம் நிறைவேறியது. அடிப்படைச் சம்பளம் தவிர வேறு எதற்கும் பேரம் இல்லை, அதுவும் விலைவாசி உயர்வுக்கு மேல் கேட்கக் கூடாது. சந்தாவைச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. சங்கம் ஒவ்வொரு வருஷமும் மறு ஓட்டெடுப்பில் ஜெயிக்கவேண்டும், அதுவும் ஓட்டுப் போட்டவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த ஊழியர்களில் 51 சதவீதம் வேண்டும். அந்த அளவுகோலை வைத்தால் எந்த எம்.எல்.ஏ. ஜெயிப்பார்? போலீஸுக்கும் தீயணைப்புக்கும் மட்டும் விலக்கு.

2010-இல் 14 சதவீதமாக இருந்த உறுப்பினர் அளவு சில வருஷத்தில் 8, 9-க்கு வந்தது. 2016-இல் டிரம்ப் அந்த மாநிலத்தை 22,748 ஓட்டில் ஜெயித்தார். மிச்சிகனிலும் 2012 டிசம்பரில் 'வேலை செய்யும் உரிமை' சட்டம் வந்தது. 2016-இல் அங்கே வித்தியாசம் 10,704 ஓட்டு. மாநில எல்லைக்கு இரு பக்கமும் அடுத்தடுத்து இருக்கும் கவுண்டிகளை (நம் மாவட்டம் மாதிரி) ஒப்பிட்டு 2018-இல் ஓர் ஆய்வு வந்தது. இந்தச் சட்டம் வந்த பக்கத்தில் ஜனாதிபதித் தேர்தலில் ஜனநாயகக் கட்சிக்குச் சுமார் 3.5 புள்ளி குறைந்திருந்தது. 22,748 ஓட்டு என்பது விஸ்கான்சினில் ஒரு புள்ளிகூட இல்லை.

2018 ஜூனில் ஜேனஸ் வழக்கு. உச்ச நீதிமன்றம் 5-4 என்று தீர்ப்புச் சொன்னது. சங்கச் செலவுக்குப் பணம் கேட்டு யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற அந்த 14(ஆ) நிலைமை, அரசு ஊழியருக்கு மட்டும் நாடு முழுக்க வந்துவிட்டது.

மக்கள் வேறு காரணங்களுக்காகவும் மாறினார்கள் என்பது சரிதான். மிசூரியில் 2016-இல் டிரம்ப் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டே வருஷத்தில் அதே மக்கள் 'வேலை செய்யும் உரிமை' சட்டத்தை வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டு விரட்டினார்கள். சங்கத்துக்கு ஓட்டு, சங்கம் காட்டும் கட்சிக்கு ஓட்டு இல்லை.

பாலைநிலம் எழுதியது:

லாஸ் வேகஸிலிருந்து கொஞ்சம் வேறு கதை. நெவாடா 1950-களிலிருந்தே 'வேலை செய்யும் உரிமை' மாநிலம். தராசு சொல்வதைப் பார்த்தால் இங்கே சங்கமே இருக்கக் கூடாது. ஆனால் ஓட்டல், சமையல் தொழிலாளர் சங்கம் லோக்கல் 226-இல் 60,000 பேர் இருக்கிறார்கள்.

என் பக்கத்து வீட்டு அம்மா ஓட்டலில் அறை சுத்தம் செய்பவர். எல் சால்வடாரிலிருந்து வந்தவர். இரவில் முழங்கையில் ஐஸ் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். மெத்தை தூக்கித் தூக்கி வந்த வலி. ஆனால் அந்த வலிக்கு வைத்தியம் சங்கத்து இன்சூரன்ஸ், மருந்து சங்கத்து மருந்துக்கடை. ஆங்கிலம் கற்றது சங்கத்தின் பயிற்சிக் கூடம் மூலமாக. தேர்தல் வருஷத்தில் சங்க விடுப்பு எடுத்துக்கொண்டு கொளுத்துகிற வெயிலில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவார். போனில் மெசேஜ் வந்தால் இவரும் அழித்துவிடுவார்தான். ஆனால் கதவைத் தட்டுகிறவர் தன்னைப் போலவே முழங்கையில் கட்டுப் போட்டவராக இருந்தால் உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுக்கத்தானே செய்வார்கள்.

1991 செப்டம்பரில் ஃப்ராண்டியர் ஓட்டலில் 550 பேர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 1998 பிப்ரவரியில் முடிந்தது. ஆறு வருஷம் நாலு மாசம், ஒருவர்கூட மறியலைத் தாண்டி உள்ளே போகவில்லை. இந்த ஊர்ச் சங்கத்தின் முதுகெலும்பு அங்கே உருவானது. யாருமே கட்டாயம் இல்லாமல் சந்தா கட்டுகிறார்கள் என்றால், கட்டுகிற காசுக்கு என்ன கிடைக்கிறது என்று கண்ணால் பார்க்கிறார்கள்.

ஆனாலும் 2024-இல் நெவாடா டிரம்ப்புக்குப் போனது. டிப்ஸுக்கு வரி இல்லை என்று அவர் இந்த ஊரில் வந்துதான் வாக்குக் கொடுத்தார். சமையல்கட்டிலும் பாரிலும் அந்த ஒரு வாக்கியம் போய்ச் சேர்ந்த வேகத்தை நான் பார்த்தேன். வாடகை, முட்டை விலை பற்றி எதிர்ப்பக்கம் அப்படி ஒரு வாக்கியம்கூட இல்லை.

வெண்சீருடை எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நான் பென்சில்வேனியாவில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஊர் பெயரும் மருத்துவமனை பெயரும் வேண்டாம். தராசு அண்ணன் சொன்ன 'அந்த வாரங்கள்' எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்கள் வார்டில் ராத்திரி ஷிஃப்டில் ஒரு நர்ஸுக்கு ஏழு நோயாளி. ஒருவருக்கு மூச்சுத் திணறல் வந்து அங்கே நின்றால் இன்னொருவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குவது தெரியாது. அதனால்தான் சங்கம் வேண்டும் என்று ஆரம்பித்தோம், சம்பளத்துக்காக இல்லை. பத்துப் பேரில் ஆறு பேருக்கு மேல் அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டெடுப்பு மனு கொடுத்தோம்.

அடுத்த நாளிலிருந்து கூட்டம். பன்னிரண்டு மணி நேர ராத்திரி ஷிஃப்ட் முடிந்து காலை ஏழரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது, "ஒரு இருபது நிமிஷம் உள்ளே வாங்க". வராவிட்டால் பெயர் குறித்துக்கொள்வார்கள். புதிதாக வந்த ஒரு ஆள், நல்ல கோட்டு, நானும் ஒரு காலத்தில் சங்கத்தில் இருந்தவன்தான் என்று சிரித்துக்கொண்டு ஆரம்பிப்பார். திரையில் வருஷச் சந்தா எவ்வளவு என்று பெரிதாகக் காட்டி, இந்தக் காசில் உங்கள் பிள்ளைக்கு என்னென்ன வாங்கலாம் என்று கேட்பார். ஒரு நாள் என்னையும் இன்னும் இரண்டு கேரளத்து நர்ஸ்களையும் பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருவரையும் தனியாக உட்கார வைத்து, உங்கள் பேப்பர் எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று விசாரித்தார். அவ்வளவுதான் கேட்டார். அன்றைக்கு நாங்கள் நாலு பேரும் கார் பார்க்கிங்கில் ஒரு வார்த்தை பேசாமல் பிரிந்தோம். ஏஜென்ஸியோடு மூன்று வருஷ ஒப்பந்தம், உடைத்தால் கட்டவேண்டிய தொகை, ஊரில் அப்பா வாங்கிய கடன் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிட்டது.

ஓட்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முதலில் அட்டை கொண்டுவந்து கொடுத்த நர்ஸைக் குறிப்பேட்டில் நேரம் தப்பாக எழுதினார் என்று அனுப்பிவிட்டார்கள். பதினேழு வருஷ சர்வீஸ். வழக்கு நடக்கிறது. போன வருஷம் மே மாதம் ஓட்டெடுப்பு. பத்தொன்பது ஓட்டில் தோற்றோம்.

தென்பொதிகை எழுதியது:

அக்கா, படிச்சு முடிச்சதும் என்ன எழுதறதுன்னே தெரியல. அப்படிக் கட்டாயக் கூட்டம் போடறதுக்கு இன்னமும் அனுமதி இருக்கா?

தராசு எழுதியது:

தங்கச்சி, இதை எழுதியதற்கு நன்றி. தம்பி, 2024 நவம்பரில், இந்த ஓட்டெடுப்புகளை நடத்தும் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் அமேசான் வழக்கில் அப்படிப்பட்ட கட்டாயக் கூட்டம் சட்டவிரோதம் என்று சொன்னது. எழுபது வருஷத்துக்கு மேல் செல்லும் என்று இருந்ததை மாற்றினார்கள். 2025 ஜனவரியில் டிரம்ப் வாரிய உறுப்பினர் க்வின் வில்காக்ஸை நீக்கினார். தீர்ப்புச் சொல்லத் தேவையான எண்ணிக்கையே வாரியத்தில் இல்லாமல் போனது. மார்ச் 27-ஆம் தேதி, தேசப் பாதுகாப்பு என்ற பெயரில் பல மத்திய அரசுத் துறை ஊழியர்களின் கூட்டுப் பேர உரிமையை ஓர் ஆணையில் எடுத்துவிட்டார். முன்னாள் ராணுவ வீரர்களின் மருத்துவமனை நர்ஸ்களும் அதில் அடக்கம். 1962-இல் கென்னடி கொடுத்த உரிமை.

ஒரு விஷயம் கேட்கலாமா தங்கச்சி. ஒரு தடவை தோற்றால் பன்னிரண்டு மாதத்துக்கு அதே இடத்தில் மறு ஓட்டெடுப்பு கூடாது. உங்களுக்கு அந்தக் கெடு எப்போது முடிகிறது?

வெண்சீருடை எழுதியது:

அடுத்த மாதம் முடிகிறது அண்ணா. கையெழுத்து அட்டை மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டோம். இந்தத் தடவை பிலிப்பைன்ஸ் நர்ஸ்தான் அட்டைக் கட்டை வைத்திருக்கிறார். வெளியே அனுப்பப்பட்ட அக்கா ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டில் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டார், முப்பத்தொரு பேர் வந்தோம். எனக்கு ஏழு மணிக்கு ஷிஃப்ட், நாளைக்கு வந்து படிக்கிறேன்.